இழுத்து நடக்கும் சிப்பிப்பாறை நாய்க்குக் கழுத்துப்பட்டையா, மார்புப்பட்டையா?

கேள்வி: வண்ணார்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 14 மாத வயதுள்ள ஆண் சிப்பிப்பாறை ஒன்று வளர்கிறது. எடை 21 கிலோ. கோவில்பட்டிப் பக்கம் உறவினர் தோட்டத்தில் பிறந்து, பால் மறந்ததும் எங்களிடம் வந்தவன். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குக் கொக்கிரகுளம் ஆற்றங்கரை வரை அவனை நடத்திக்கொண்டு போகிறோம். வாசல்படியை விட்டு இறங்கியது முதல் திரும்பி வரும் வரை கழுத்தை முன்னே நீட்டி இழுத்துக்கொண்டே நடக்கிறான். தொண்டையில் கரகரவென்று ஓர் ஒலி வருகிறது, நின்றதும் இரண்டு மூன்று முறை இருமுகிறான்.

இழுவை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் சென்ற மாதம் என் தாயார் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தபோது, எதிரே வந்த பூனையைப் பார்த்து அவன் பாய்ந்ததில் கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரம் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அவருக்கு வயது 64. அதன்பின் தெருமுனை அம்மன் கோயிலில் ஆடிக் கொடை நடந்தது. வேட்டுப் போட்ட சத்தத்தில் மிரண்டு, முன்னே ஓடாமல் பின்வாங்கித் தலையைக் குனிந்து, கழுத்துப்பட்டையை அப்படியே உருவிவிட்டு, பேருந்துகள் போகும் சாலையைக் கடந்து ஓடிவிட்டான். முக்கால் மணி நேரம் தேடி ஒரு கொட்டகையின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தோம். அன்று என் கையில் வெறும் பட்டையும் சங்கிலியும் தொங்கிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

பட்டையை ஒரு துளை இறுக்கினால் இருமல் கூடுகிறது, தளர்த்தினால் உருவிக்கொள்கிறான். கடைக்காரர், இழுத்தால் கழுத்தில் இறுகும் சோக் செயின் வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் முதுகில் கொக்கி மாட்டும் ஹார்னஸ் என்ற மார்புப்பட்டையை வாங்கச் சொல்கிறார். கழுத்து நோகாமலும், அவன் தப்பி ஓடாமலும், என் தாயாரால் பிடிக்கக்கூடியதாகவும் ஒன்று வேண்டும். எதை, எந்த அளவில் வாங்குவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தம்பி, முதலில் சோக் செயின் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாயின் கழுத்தின் முன்பக்கத்தில் தோலுக்குச் சற்று உள்ளேயே மூச்சுக்குழாய் இருக்கிறது; அதை ஒட்டித் தைராய்டு சுரப்பியும், தலைக்கு இரத்தம் போய்வரும் பெரிய நாளங்களும், நரம்புகளும் இருக்கின்றன. மூச்சுக்குழாயைத் தாங்குபவை எலும்புகள் அல்ல, முழு வட்டமாகக்கூட மூடாத குருத்தெலும்பு வளையங்கள்தாம். 21 கிலோ எடையுள்ள நாய் தன் முழு வலுவையும் இரண்டு விரல் அகலப் பட்டையின் மேல் சாய்க்கும்போது அந்த அழுத்தம் அங்கேதான் விழுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதன் ஒலி.

அழுத்தம் கழுத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. நாய்கள் கழுத்துப்பட்டையில் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதையும், ஹார்னஸில் இழுக்கும்போது அவ்வாறு உயராததையும் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. 2020இல் பிரிட்டனில், நாய்க் கழுத்தைப் போன்ற மாதிரி ஒன்றைச் செய்து, வெவ்வேறு வகைப் பட்டைகளை அதில் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். மெத்தை வைத்த அகலப் பட்டை உட்பட எந்த ஒன்றும், இழுக்கும் நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும் அளவுக்குக் குறைந்த அழுத்தத்தைத் தரவில்லை. ஆகவே இழுக்கும் நாய்க்கு நல்ல கழுத்துப்பட்டை எது என்று தேடுவதைவிட, இழுவையைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுவதே முறை.

நம் ஊர் வெயிலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில், அதிகாலையிலேயே காற்று அனலாக இருக்கும் நாளில், இளைக்கும் தொண்டையைப் பட்டை நெரிக்குமானால் சூடு தணிய வழியில்லாமல் போகும்.

ஹார்னஸிலும் வேறுபாடு உண்டு. முதுகில் மட்டும் கொக்கி உள்ள ஹார்னஸ் கழுத்துக்கு நல்லதுதான். ஆனால் இழுவையைக் குறைக்காது. வண்டி மாட்டைப் பாருங்கள்: நுகத்தடி தொண்டையில் அல்லாமல் திமிலுக்கு முன்னே பிடரியில் இருப்பதால்தான் அது பாரத்தைத் தயக்கமின்றி இழுக்கிறது. முதுகுக் கொக்கியும் நாய்க்கு அந்த வசதியைத்தான் செய்து கொடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது மார்பின் நடுவிலும் ஒரு வளையம் உள்ள ஹார்னஸ். கயிறு மார்பு வளையத்தில் இருந்தால், நாய் முன்னே பாயும்போது அதன் உடல் பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பிவிடுவதால் பாய்ச்சல் தானாகவே வலுவிழக்கிறது. உங்கள் தாயாருக்கு அதுதான் உதவும்.

முகத்தில் மாட்டும் பட்டை என்று ஒன்றும் விற்கிறார்கள். மூக்கணாங்கயிறு போல மூக்கின்மேல் ஒரு வளையம் வரும். ஆனால் மூக்கைத் துளைப்பதில்லை. பொறுமையாகப் பழக்கினால் சில நாய்களுக்கு ஒத்துவரும். ஓணானைக் கண்டாலும் அம்பு போலப் பாயும் வேட்டை நாய்க்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வேகமாகப் பாய்ந்து கயிற்றின் முனையில் தலை வெடுக்கென்று திரும்பினால் கழுத்தெலும்புக்குக் கேடு வரக்கூடும்.

இருமலைப் பற்றி ஒரு சொல். ஹார்னஸுக்கு மாறிய பின்னும் பத்து நாளில் இருமல் நிற்கவில்லை என்றால், இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தொற்றினாலும் இதய நோயினாலும்கூட நாய் இருமும். எல்லா இருமலையும் பட்டையின் தலையில் போட்டுவிடக் கூடாது.

பதில்: சங்கரன்கோவில் வாசகி

நான் கன்னி என்னும் வேட்டை இனத்தில் இரண்டு நாய்களையும் ஒரு சிப்பிப்பாறையையும் வளர்க்கிறேன். ஆய்வாளர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இழுவை அன்று, உருவிக்கொண்டு ஓடியதுதான். இருமலுக்கு மருந்து கொடுக்கலாம், பேருந்துச் சக்கரத்துக்கு எதைக் கொடுப்பது?

கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றின் உடலமைப்பே சாதாரணப் பட்டைக்கு எதிரானது. தலை நீண்டு ஒடுங்கியிருக்கும். கழுத்து நீளமாகவும் தசை வலுவுள்ளதாகவும் இருக்கும். அளவு நாடாவால் காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவையும், காதுக்கு முன்னால் தலையின் அகன்ற இடத்தின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். என் சிப்பிப்பாறைக்குக் கழுத்து 36 செ.மீ., தலை 35 செ.மீ. கழுத்தைவிடத் தலை சிறியது என்றால், நெரிக்காத அளவில் மாட்டிய எந்தச் சாதாரணப் பட்டையும் பின்வாங்கினால் கழன்று வரத்தான் செய்யும். உங்கள் பிடியில் குறையில்லை.

இந்த உடலமைப்புக்கென்றே அளவோடு இறுகும் பட்டை ஒன்று உண்டு. மார்ட்டிங்கேல் என்று கேட்டால் கிடைக்கும். பெரிய பட்டையின் இரு முனைகளிலும் இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றின் ஊடாக ஒரு சிறு நாடா ஓடும். நாய் பின்வாங்கினால் அந்தச் சிறு நாடா இழுபட்டுப் பட்டை சுருங்கும். ஆனால் நாம் வைத்த அளவு வந்ததும் நின்றுவிடும். சோக் செயினைப் போல முடிவில்லாமல் இறுகாது. அளவு வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது: முழுதாக இறுகிய நிலையில் அது காதுக்குப் பின்னால் கழுத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும், அதே வேளையில் இரண்டு வளையங்களுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டினால் பட்டை பெரிது என்று பொருள், இன்னும் உருவிக்கொள்வான். சிப்பிப்பாறைக்கு 4 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் இதைக் கழற்றிவிட வேண்டும்; அந்தச் சிறு நாடா கதவுக் கொண்டியில் மாட்டினால் ஆபத்து.

ஹார்னஸ் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. இவற்றுக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். இரண்டு பட்டை கொண்ட சாதாரண ஹார்னஸிலிருந்து முன்கால்களை மடக்கிப் பின்வாங்கி வெளியே வந்துவிடும். என் மூத்த கன்னி அப்படி இரண்டு முறை வந்திருக்கிறாள். விலா எலும்புகள் முடியும் இடத்துக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் மூன்றாவது பட்டை ஒன்று இருக்கும் ஹார்னஸைத் தேடுங்கள். மூன்றாவது பட்டை அந்த ஒடுக்கத்தில் இருப்பதால், ஆழமான மார்பைத் தாண்டி அது முன்னே வர இயலாது.

முன்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் இறங்கும் பட்டைகள் மார்பெலும்பில் ஒன்றாகச் சேர்ந்து, முன்கால்களுக்கு நடுவே கீழே போக வேண்டும். தோள்மூட்டுக்குக் குறுக்கே படுக்கையாக ஒரு பட்டை ஓடும் வகை வேண்டாம். நாய் காலை வீசும்போதெல்லாம் அதில் இடிக்கும். எந்த வகையானாலும் நடையைச் சிறிதேனும் மாற்றத்தான் செய்யும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவது என் வழக்கம். கழற்றும்போது கையால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதுவே நேரம். பட்டைக்கு அடியில்தான் அவை ஒளிந்துகொள்கின்றன.

அளவுக்கு, முன்கால்களுக்குப் பின்னே மார்பின் ஆழமான இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். மாட்டிய பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், முறுக்கித் திருப்பும் அளவுக்கு இடம் இருக்கக் கூடாது. சரியானது கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடப் பை தைப்பவரிடம் போங்கள். நான் 25 மி.மீ. நைலான் நாடாவும் பற்றவைத்த வளையங்களும் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காக இரண்டு தையல் போடச் சொன்னேன். மூன்றாவது ஆண்டாக உழைக்கிறது.

கடைசியாக, ஒரே கொக்கியை நம்பாதீர்கள். நடைக்கயிற்றை ஹார்னஸில் மாட்டுங்கள். ஹார்னஸிலிருந்து மார்ட்டிங்கேலுக்கு ஒரு சாண் நீளமுள்ள சிறு நாடாவை, இரு முனையிலும் கொக்கியுடன், தொய்வாக மாட்டிவையுங்கள். நாள்தோறும் இழுவை மார்பில்தான் விழும், கழுத்துக்கு வேலையில்லை. ஹார்னஸ் கழன்றாலோ பிளாஸ்டிக் பூட்டு உடைந்தாலோ மட்டும் கழுத்துப்பட்டை காப்பாற்றும். அடுத்த கொடைக்கு வேட்டுப் போடும்போது உங்கள் நெஞ்சு இவ்வளவு படபடக்காது.

வெளியே போகுமுன் வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் அவனுக்கு முன்னால் நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அவன் பின்வாங்கி வெளியே வர முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பதில்: அம்பாசமுத்திரம் விவசாயி

மற்றவர்களிடமிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். இருபது ஆண்டுகளாக வயல்காவலுக்கு இராஜபாளையம் நாய்களை வளர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் சோக் செயின்தான். ஒரு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும். ஒன்றுக்கும் கழுத்தில் கேடு வந்ததாக நான் பார்த்ததில்லை. ஹார்னஸ் மாட்டினால் நாய் நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பதில்: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் நாய்கள் பகலெல்லாம் வயலில் அவிழ்ந்து திரிபவை; சங்கிலியில் அவை நடக்கும் நேரம் குறைவு. இந்தத் தம்பியின் நாய் தெருவில் நாள்தோறும் ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கிறது. சுண்டினால் அடங்குவது வலியினால்தான். அந்த வலி ஒரு நாள் எதிரே வரும் பிள்ளையோடோ வேறு நாயோடோ அதன் மனத்தில் சேர்ந்துகொண்டால், அடங்குவதற்கு மாறாகப் பாயத் தொடங்கும். அப்படிக் கெட்டுப்போன நல்ல நாய்களைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளே முள் வைத்த பட்டைகளுக்கும் இதையே சொல்வேன். ஹார்னஸில் இழுக்கும் என்று நீங்கள் சொல்வது உண்மை. அதனால்தான் மார்பு வளையத்தைச் சொன்னேன்.

வெள்ளை இராஜபாளையம் வைத்திருப்பவர் என்பதால் உங்களுக்காகவே இன்னொன்றும் சொல்கிறேன். அவற்றில் சில பிறவியிலேயே காது கேளாதவை. எத்தனை முறை சுண்டியும் கேட்கவில்லை என்று தோன்றினால், பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அப்படிப்பட்ட நாயைச் சாலையோரம் கயிறின்றி விடவே கூடாது.

கனத்த சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். நம் பக்கத்தில் மாட்டுச் சங்கிலியையே நாய்க்கும் போடும் பழக்கம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

பதில்: பெருமாள்புரம் வாசகி

என்னிடம் இருப்பது 32 கிலோ எடையுள்ள லாப்ரடார். கருவி பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பிடிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் தாயார் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை உள்ளங்கையில் மடித்து மூடிக்கொண்டு, அந்தக் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இழுவை மணிக்கட்டில் விழாமல் உடம்பில் விழும், தேவைப்பட்டால் கையை விடவும் முடியும். கயிறு 1.8 மீட்டர் நீளம் இருந்தால் போதும். தானாக நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். அதில் எப்போதும் சிறிது இழுவை இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்றே நாய் கற்றுக்கொள்கிறது.

ஹார்னஸ் மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு மாதத்தில் என் லாப்ரடார் அதிலும் இழுக்கக் கற்றுக்கொண்டான். அதன்பின் கயிறு இறுகினால் அந்த இடத்திலேயே நிற்பது, தளர்ந்தால் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. தொடையை ஒட்டி வரும்போது வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நுனியளவு கொடுத்தேன். முதல் வாரம் எங்கள் தெருவைத் தாண்ட இருபது நிமிடம் ஆயிற்று. வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் நின்று, இன்னொருவர் இழுத்த இழுப்புக்குப் போனால் நாய் பின்னவரையே நம்பும்.

கேள்வி கேட்டவர்: வண்ணார்பேட்டை வாசகர்

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். அளந்து பார்த்ததில் கழுத்து 37 செ.மீ., தலை 35 செ.மீ. இருந்தது, சங்கரன்கோவில் அம்மா சொன்னது எங்கள் வீட்டிலும் உண்மையாயிற்று. மார்ட்டிங்கேல் கடையில் கிடைத்தது. மூன்று பட்டை ஹார்னஸ் கிடைக்காததால் பை தைப்பவரிடம் மார்பு வளையத்துடன் தைக்கச் சொன்னேன். முதலில் தைத்ததைக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தபோது மூன்றே நொடியில் வெளியே வந்துவிட்டான். மூன்றாவது பட்டையை நான்கு விரல் பின்னே தள்ளித் தைத்த பிறகு முடியவில்லை.

இருமல் ஆறாம் நாளிலிருந்து இல்லை. இழுவை முழுதும் போகவில்லை. பாலத்துக்குப் போகும் வழியில் பன்றிகள் மேயும் ஓர் இடத்தில் இன்னும் பாய்கிறான். ஆனால் பாய்ந்தால் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கும்படி ஆகிறது, அந்த நொடியில் ஈரல் கொடுக்கிறோம். என் தாயார் நேற்று முதல் அவனைத் தெருமுனை வரை மட்டும் அழைத்துப் போகத் தொடங்கியிருக்கிறார்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். முன்காலின் அக்குள் பகுதியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. ஹார்னஸைத் தளர்த்தலாமா?

பதில்: சங்கரன்கோவில் வாசகி

தளர்த்தாதீர்கள் தம்பி, தளர்த்தினால் இன்னும் அதிகமாக உராயும். மார்பைச் சுற்றும் பட்டை முழங்கைக்கு மிக அருகில் இருப்பதால்தான் சிவக்கிறது. அங்கிருந்து மூன்று விரல் பின்னே போகும்படி, முன்கால்களுக்கு நடுவே ஓடும் பட்டையை நீளப்படுத்தித் தைக்கச் சொல்லுங்கள். அக்குளில் படும் இடத்தில் பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து உறை போலத் தைத்து மாட்டுங்கள். நைலானின் விளிம்பு தோலில் படாது. பட்டையில் ஆற்று மணல் ஒட்டியிருந்தாலும் உரசும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தோல் ஆறும் வரை ஐந்தாறு நாள் மார்ட்டிங்கேலோடு மட்டும், பன்றிகள் இல்லாத பக்கமாகச் சிறிது தூரம் நடத்தினால் போதும்.